போகாத பயணம் சொல்லப் போனோம்

போன மாதம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கம்பளையிலிருந்து பேராதனை, கண்டி, அம்பிட்டிய என்று மூன்று இடங்களுக்கும் ஒரே நாளில் போய்வந்தோம். நானும் என் தங்கச்சி மகன் ரிஸ்மியும்தான். சுற்றிப் பார்க்க அல்ல. வெளிநாடு போகிறேன் என்று அவன் சொல்லிவிட்டு வந்த வீடுகளுக்குத் திரும்பவும் போய், போகவில்லை என்று சொல்வதற்காகப் போனோம்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடல் கடந்து போகிறவர் புறப்படுமுன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புத் தாங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் மன்னித்து, நல்லபடி போய்வர துஆச் செய்து, எதையாவது சாப்பிட வைத்து, கையில் ஒரு சாமானும் தந்து அனுப்புவார்கள். இப்படி எல்லா வீட்டிலும் அழுது விடைபெற்ற ஒருத்தன் போகாமல் தெருவில் திரிந்தால் அவனுக்கு எவ்வளவு வெட்கம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்தே விருப்பமில்லாமல் பிளேன் ஏறின பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ரிஸ்மிக்கு இருபத்து மூன்று வயது. தகப்பன் இல்லை, மௌத்தாகிவிட்டார். நல்ல சமையற்காரன், அவன் ஆக்கும் புரியாணிக்கு எங்கள் தெருவில் கலியாண வீடுகள் காத்திருக்கும். ஒரு ஏஜென்சி மூலம் அவனுக்கு ஈராக்கில் வேலை சரிவந்தது. வெளிநாட்டுப் படை முகாமொன்றில் குசினி வேலை. சம்பளம் இங்கே கிடைப்பதைப் போல மூன்று மடங்கு. தங்கச்சி வீட்டுக்கு இன்னும் பாதிக் கூரைதான், ஆகவே அவளும் மனதைக் கல்லாக்கிச் சம்மதித்தாள்.

நான் சம்மதிக்கவில்லை. ஈராக்குக்குள் படை போய் நாலு வருசம் ஆகப்போகிறது. சின்ன வயதில் பக்தாத் என்ற பேரை நான் கேட்டது வீட்டில் மௌலிது ஓதும் இரவுகளில்தான். அங்கே அடங்கியிருக்கும் இறைநேசரான அவுலியாவின் பேரைச் சொல்லித்தான் எங்கள் உம்மா நேர்ச்சை வைப்பார். அதே பக்தாதை நாலு வருசத்துக்கு முன் டீவியில் பார்த்தேன். பெருநாள் வாணவேடிக்கை மாதிரி வானமெல்லாம் வெளிச்சம். தஸ்பீஹ் மணி கையிலேயே நின்றுவிட்டது. அந்த ஊருக்குக் குண்டு போட்டவர்களுக்கு என் தங்கச்சி பெற்ற பிள்ளை சோறாக்கப் போகிறானா என்று கேட்டேன். "பெரியும்மா எப்பயும் இப்பிடித்தான்" என்று சிரித்துவிட்டு எல்லா வீட்டிலும் பயணம் சொல்லி முடித்துவிட்டான்.

அவன் மனதை மாற்றியது நானில்லை. அவனுக்கு முன்பே போய்விட்ட ஒரு கூட்டாளி ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்து, தன் முகாமில் மிஞ்சுகிற சாப்பாட்டை வெளியே யாருக்கும் கொடுக்க விடமாட்டார்களாம், குழியில் கொட்டி எரிப்பதுதான் தன் வேலை என்று சொன்னானாம். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருக்குமாம். பாண் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தி மேலே வைக்கப் பழக்கிய வீட்டில் வளர்ந்தவன் ரிஸ்மி. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. காலையில் என்னிடம் வந்தான்.

"பெரியும்மா, எனக்குப் போக மனமில்ல. ஆனா போறண்டு சென்ன ஊடுகளுக்கு எந்த மூஞ்சோட போற? அதுக்குப் போறதே மேல்."

வியாழன் இரவு பிளேன். செவ்வாய் பின்னேரம் நாலரைக்குள் ஏஜென்சிக்குச் சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிட்டுப் பாஸ்போட்டைத் திருப்பித் தருவார்கள். சொல்லாவிட்டால் போயே ஆக வேண்டும். "நான் கூட வாறன், முக்கியமான மூணு ஊட்டுக்கும் போவம்" என்றேன். "போய்ப் பாப்பம். அதுக்குப் பொறகும் மனமில்லாம ஈந்தா கோல் எடுக்கிற" என்றான். இதுதான் பயணத்தின் காரணம். இனிப் பாதைக்கு வருவோம்.

கம்பளையில் காலை ஏழு மணி ரயில். பேராதனைக்கு மூன்றாம் வகுப்பு ஆளுக்குப் பத்து ரூபாய், பதின்மூன்று கிலோமீட்டர், முக்கால் மணித்தியாலம். பஸ் இன்னும் சீக்கிரம் போகும், ஆனால் மகாவலியைப் பார்த்துக்கொண்டு போக ரயில்தான் நல்லது. வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்காதீர்கள், ஆறு இரண்டு பக்கமும் வந்து வந்து போகும். எங்களிடம் ஒரு பெரிய சில்லு வைத்த பேக் இருந்தது. போகிற மூன்று வீட்டிலும் தந்த சாமான்களைத் திருப்பிக் கொடுக்க அதில் போட்டிருந்தோம். பக்கத்தில் இருந்த அம்மா "மகன் வெளிநாடா?" என்று கேட்டார். ரிஸ்மி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பேராதனைச் சந்தியில் இறங்கிப் பதினைந்து நிமிட நடையில் என் சாச்சி மகள் பரீதாவின் வீடு. புருசனுக்குக் கம்பசில் கிளாக் வேலை. கதவைத் திறந்த பரீதா பேக்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"என்ன ரிஸ்மி, பிளேன் ஒன்ன ஏத்தாம போய்ட்டா?"

"போற இல்ல சாச்சி. அதச் செல்லத்தான் வந்த."

"போற இல்லயா? அப்ப நான் அழுத அழுவ? ஒரு கிழமயா எனக்குத் தலவலி மகன்! அந்த வட்டிலாப்பத்துக்கு எத்தின முட்ட ஒடச்சன் தெரியுமா?"

"அத நான் திருப்பித் தர ஏலாதே சாச்சி."

பரீதா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு காரணம் கேட்டாள். குழியில் கொட்டும் கதையை ரிஸ்மி சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் வாங்கிக் கொடுத்த கம்பளி ஜேர்சியை அவன் நீட்டியபோது வாங்கவே இல்லை. "அந்த ஊருக் குளிருக்கெண்டா வாங்கின? ஒனக்கு வாங்கின. விடியச் சாமம் தொழப் போகக்குள்ள போட்டுக்க." வெளியே வந்ததும் ரிஸ்மி ஒரு சந்தோசத்தோடு பேக்கை இழுத்தான். பேராதனைப் பூங்கா பக்கத்தில்தான், ஆனால் அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். அவசரமாகப் போய்ப் பணத்தை வீணாக்காதீர்கள்.

பேராதனையிலிருந்து கண்டிக்கு ஆறு கிலோமீட்டர், பஸ் எட்டு ரூபாய். வாகன நெரிசலில் நாற்பது நிமிடம் போய்விட்டது. டவுனில் ரிஸ்மியின் வாப்பாவுடைய தம்பி ஹனீபா புடவைக் கடை வைத்திருக்கிறார். ஏஜென்சியைக் காட்டியதும் அவர்தான், இழுத்துக்கொண்டு திரிந்த பேக்கும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். கடையில் ஆட்கள் நிறைய. வேறு நேரம் வரலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். ஆனால் ரிஸ்மி நேராகப் போய்ச் சொல்லிவிட்டான்.

"பயந்துட்டானா?" என்றார் ஹனீபா, அவனிடமில்லை, என்னிடம். "குண்டு முகாமுக்குள்ள உழுறல்ல ராத்தா. ஒங்கட ஊட்டுப் பொம்புளயள்தான் இவனக் கெடுத்த."

"பயமில்ல சாச்சா. அந்தச் சோத்த என்னால ஆக்க ஏலா."

"ஓ! நீ ஆக்காட்டி அவங்க பட்டினில ஊருக்குத் திரும்பிருவாங்களா? ஒன்ட ஒத்தக் கரண்டியாலயா சண்ட நிக்கப் போற?" புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். "ஒனக்குப் பின்னால நூறு பேரு வரிசையில நிக்கிறான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஹனீபா, நாசமாக்குற ஆயுதம் ஈக்கிண்டுதானே அவங்க உள்ளுக்குப் போன? நாலு வருசமாத் தேடினாங்க. கெடச்சா? கெடக்கல்லண்டா மன்னிச்சுக்கங்க, போய்ட்டு வாறமெண்டு செல்லணுமா இல்லயா?"

"அரசியல் பேசாதீங்க ராத்தா. கூர பேசுங்க. அந்த ஊட்டுக் கூரய யாரு போடுற?"

உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. பேக்கைக் காலி செய்து அவர் மேசைப் பக்கத்தில் வைத்தோம். மற்றச் சாமான்களை ஒரு கடைப் பையில் போட்டுத் தந்தது கடையில் வேலை செய்யும் பொம்பிளைப் பிள்ளைதான். ஹனீபா திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்து ரிஸ்மி சொன்னான்: "சாச்சா செல்றதும் சரிதானே. நான் போகாட்டி அங்க என்ன மாறப் போகுது?" மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

பெண்களுக்கும் இடமிருக்கும் பள்ளியொன்றில் லுஹர் தொழுதோம். பிறகு எங்கேயாவது சத்தமில்லாமல் இருக்க வேண்டும் போல இருந்தது. தலதா மாளிகாவைக்குப் பின்னால், நூதனசாலைப் பக்கத்துச் சின்ன ஏற்றத்தில், வெள்ளைக்காரப் பட்டாளத்தாரை அடக்கிய பழைய மையவாடி இருக்கிறது. கண்டிக்கு வருகிறவர்கள் நூற்றில் ஒருவர்கூட அங்கே போவதில்லை. டவுனுக்கு நடுவில் அப்படியொரு அமைதியும் நிழலும் வேறெங்கும் கிடைக்காது. டிக்கட் இல்லை, பராமரிப்புக்கு விரும்பினால் ஏதாவது கொடுக்கலாம்.

எனக்கு இங்கிலீஸ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ரிஸ்மி கல்லுக் கல்லாக வாசித்துச் சொன்னான். பத்தொன்பது வயது, இருபத்திரண்டு வயது, கைக்குழந்தைகள். அதிகம் பேர் காய்ச்சலில் போனவர்கள். ரிஸ்மி வயதுப் பிள்ளைகள், எந்தத் தாய் எந்தக் குளிர் ஊரில் காத்திருந்தாளோ. அவர்களுக்கு என்ன துஆக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவர்களை நினைத்து, யாருக்கும் இந்த நிலை வேண்டாம் றப்பே என்று கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் வகுப்பு வரைதான். ஆனாலும் கண்டிக்கதை எனக்குத் தெரியும். கண்டியில் ஒரு ராசா இருந்தார். அவர் கொடுமைக்காரர், உங்களை அவரிடமிருந்து காப்பாற்ற வந்தோம் என்று சொல்லிக்கொண்டுதான் இந்தப் பட்டாளம் வந்தது. இங்கிருந்த பெரிய மனிதர்களும் நம்பி வழிவிட்டார்கள். ராசாவைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். நாங்கள் சுதந்திரம் எடுக்க நூற்று முப்பது வருசத்துக்கு மேலாகியது. ஈராக்கிலும் அந்த ஆட்சியாளர் கொடியவர் என்றுதான் சொன்னார்கள். அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை, அவர் கையால் செத்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். இந்தப் பெருநாள் நேரம் அவரையும் தூக்கில் போட்டாகிவிட்டது. படை போய்விட்டதா? ஒரு வீட்டில் புருசன் கெட்டவன் என்றால் அக்கம்பக்கம் போய்த் தட்டிக் கேட்கலாம். வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு, அடுப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணைக் காப்பாற்றினோம் என்று சொல்ல ஏலாது. எனக்குப் புரிகிற அரசியல் அவ்வளவுதான்.

ரிஸ்மி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இவங்களுக்குச் சோறாக்கினவன்ட கபுறு எங்க பெரியும்மா?" என்றான்.

"அது இஞ்ச இல்ல மகன்."

எந்தப் பக்கம் சாய்கிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை.

கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்கு நாலு கிலோமீட்டர், பஸ் ஏழு ரூபாய். சந்தியில் இறங்கி மலைமேலே த்ரீவீலில் போக வேண்டும். டிரைவர் சிங்களப் பையன், நூற்றைம்பது கேட்டான். நூறு என்றேன். "நெந்தே, த்ரீவீல் ஏறும், நூறு ரூபாய் ஏறாது" என்று, சிங்களத்தில் மாமி என்று கூப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தமிழிலேயே சொன்னான். சிரிப்பு வந்துவிட்டது, நூற்றிருபதுக்கு ஏறினோம். மழை பெய்தால் அந்த ஏற்றத்தில் வழுக்கும், கவனம்.

மேலே இருப்பது பரமேஸ்வரி அக்கா. யாழ்ப்பாணத்து ஆள், தாதியாக வேலை பார்த்தவர். கம்பளையில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் பத்து வருசம் இருந்தார். ரிஸ்மியின் கால் உடைந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான். மற்ற எல்லாரிடமும் உண்மையைச் சொன்ன ரிஸ்மி அவரிடம் மட்டும் குவைத்தில் ஒரு ஹோட்டல் என்று சொல்லியிருந்தான். அவரும் சந்தோசப்பட்டு, கையால் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல் கொடுத்திருந்தார். ஏன் பொய் சொன்னாய் என்று வழியில் கேட்டேன். "ஆன்ட்டிக்கு ஆமியெண்டா பிடிக்காதே" என்றான்.

"வாங்கோ, வாங்கோ. ரிஸ்மி, நீ இன்னும் போகேல்லையே?"

ரிஸ்மி நின்றபடியே சொன்னான். "ஆன்ட்டி, நான் ஒங்களுக்குப் பொய் சென்ன. ஹோட்டல் இல்ல. ஈராக்ல ஆமிக் கேம்ப் குசினி. வியாழக்கெழம போகணும். போறதா வேணாமாண்டு எனக்குத் தெரியல்ல."

அக்கா கதிரையொன்றை இழுத்துப் போட்டார். "இரு" என்றார். அவன் கதிரையில் இருந்தான்.

"எங்கட ஊருக்கும் வெளியில இருந்து ஆமி வந்தது ராசா. சமாதானத்துக்கு எண்டு. நாங்கள் றோட்டில நிண்டு மாலை போட்டனாங்கள். நானும் போட்டன். பிறகு சண்டை தொடங்கிச்சுது. எங்கட ஒழுங்கையில இருந்த பள்ளிக்கூடத்தைக் கேம்ப் ஆக்கிப்போட்டாங்கள். அங்க ஒரு சமையல்காரன். நல்ல மனுசன், அதைச் சொல்லத்தான் வேணும். வேலிக்கு மேலால எனக்குச் சப்பாத்தி நீட்டுவான். தங்கச்சி, தங்கச்சி எண்டு கூப்பிடுவான். அப்ப எங்கட அண்ணாவை அந்தக் கேம்புக்குள்ளதான் வச்சிருந்தவங்கள். அடிக்கிற சத்தம் அந்தச் சமையல்காரனுக்கும் கேட்டிருக்கும். அவனும் காலமை எழும்பி மா பிசைஞ்சவன்தானே."

"அண்ணா?" என்றேன்.

"வந்தவர். ஆனா பழைய அண்ணா இல்லை." முந்தானையைச் சரிசெய்தார். "அடிச்சவங்கடை முகம் எனக்கு மறந்துபோச்சு. அந்தச் சமையல்காரன்டை முகம் மறக்கேல்லை. கெட்டவனா இருந்தா லேசா வெறுத்திருப்பன்."

ரிஸ்மி தலை குனிந்திருந்தான். "அந்தச் சப்பாத்திய நீங்க எடுத்தீங்களா ஆன்ட்டி?"

"ஒருக்கா எடுத்தனான். பசி. அதுக்காகவும் அவனிலதான் கோவம்."

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும்.

ரிஸ்மி மெதுவாகப் பேசினான். "நான் எல்லா ஊட்டுலயும் மாப்புக் கேட்டுட்டேன். போற எடத்துல ஈக்கிற ஆக்கள்ட்ட கேக்க ஏலுமா? வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்கள்ட்ட? சோத்தக் கொட்டிட்டு, மாப்புத் தாங்கண்டு?" பிறகு எழும்பினான். "ஆன்ட்டி, கோல் ஒண்டு எடுக்கட்டா?"

"அந்தா கிடக்கு, எடு."

அப்போது நாலு மணி தாண்டிவிட்டது. முதல் தரம் லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாவது தரம் கிடைத்தது. "நான் வர இல்ல. வேற ஆளப் போடுங்க" என்றான். அந்தப் பக்கத்தில் திட்டினார்கள் போல, இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டே நின்றான். "பரவால்ல" என்றான், வைத்தான். உட்காரவில்லை. நேரே குசினிக்குப் போய், "ஆன்ட்டி, ஒங்கட ஊட்டுல என்ன மரக்கறி ஈக்கு?" என்று கேட்டான். அன்று பின்னேரம் அந்த மலைமேல் நாங்கள் மூன்று பேரும், அக்கா தந்த மிளகாய்த்தூளைப் போட்டு ரிஸ்மி ஆக்கிய கத்தரிக்காய்க் கறியும் சோறும் சாப்பிட்டோம். அக்கா இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். "உறைப்புக் கூடிப்போச்சு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

இனிப் போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். ஒரு நாளில் இந்த மூன்று இடமும் தாராளமாக முடியும், ஆனால் காலை ரயிலை விட்டால் முடியாது. பாதைச் செலவு ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். அம்பிட்டியவில் இருந்து கடைசி பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார மையவாடிக்கு மழைக்காலத்தில் போனால் அட்டை கடிக்கும், கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ கொண்டுபோங்கள். அங்கே சத்தம் போட்டுப் படம் எடுக்காதீர்கள், அங்கே கிடப்பவர்களும் பெற்ற தாய்மாருடைய பிள்ளைகள்தான்.

பெரிய நாடுகள் எங்கே படை அனுப்புவதென்று கம்பளையில் இருக்கிற என்னைக் கேட்டா முடிவெடுக்கிறார்கள்? ஹனீபா சொன்னது போல ரிஸ்மியின் இடத்துக்கு வேறு ஒரு பிள்ளை போயிருப்பான். அவனும் எவளோ ஒருத்தியின் மகன், அவனுக்காகவும் துஆச் செய்கிறேன். ஆனால் ஒரு படைக்குச் சுடுகிறவன் மட்டும் போதாது. ஆக்குகிறவன், துவைக்கிறவன், கூட்டுகிறவன் எல்லாரும் வேண்டும். அந்த ஆட்களை எங்களைப் போன்ற ஏழை ஊர்களில்தான் தேடுகிறார்கள். எனக்கு நம்பிக்கை வருவதும் அதனால்தான். வேண்டாம் என்று சொல்கிற இடமும் எங்கள் ஊரில்தானே இருக்கிறது. ரிஸ்மி இப்போது கண்டியில் ஒரு ஹோட்டல் குசினியில் இருக்கிறான். கூரை இன்னும் பாதிதான். மிச்சத்துக்கு இப்போதைக்குத் தகரம் போட ஹனீபாவே ஆள் அனுப்பினார். நேரில் வரவில்லை, அனுப்பினார்.

போன கிழமை எங்கள் பின் தெருத் தாய் ஒருத்தி வந்தாள். அவள் மகனும் அதே மாதிரி வேலைக்குப் பயணம் சொல்லி முடித்தவன், இப்போது மனமில்லையாம், வீடுகளுக்குப் போக வெட்கமாம். நேற்று அவனைக் கூட்டிக்கொண்டு வத்தேகமவுக்குப் போனேன். முதல் வீட்டு வாசலில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வீட்டுக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பளையில இருந்து ஒரு ராத்தா போகாத பயணம் செல்லப் பிள்ளயளக் கூட்டிட்டு வாறண்டு கேள்விப்பட்ட. அது நீங்கதானா?" என்றார். "சரி சரி, உள்ளுக்கு வாங்க. மகன், சாப்பிட்டியா?"